பின்னால் அடிபட்ட வண்டி

போன வருஷம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். கிராஞ்சிப் பக்கம், விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போட்டு வைக்கும் ஒரு கிடங்கில் நடந்தது இது. என் மனைவியிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. இரண்டே கதவு, பதினாறு வயது. பத்து வருஷ உரிமம் முடிந்ததும் வண்டியைத் தலைமுழுகிவிடும் ஊரில், பணம் கட்டி உரிமத்தைப் புதுப்பித்து அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் நான். வீடு தோ பாயோவில், வேலை சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில். போய்வரும் அந்த நேரம்தான் என் சந்தோஷம்.

அதற்கு எமனாக வந்ததும் நானேதான். ஒரு காலை விரைவுச்சாலையில் வெப்பம் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. உடனே ஓரங்கட்டியிருக்க வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது, அடுத்த வழியில் இறங்கிக்கொள்ளலாம் என்று மிதித்தேன். இறங்குவதற்குள் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

என் மெக்கானிக் என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைத் திட்டும் உரிமை உள்ளவர். கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிளாக்கிலேயே விரிசல். வேறு இஞ்சின்தான் போட வேண்டும். போடுவதுதான் போடுகிறோம், கொஞ்சம் பெரியதாகப் போடலாமே என்று எனக்கு ஆசை.

"அப்ரூவல் கிடைக்காது அண்ணே. அப்புறம் வண்டி கார்பார்க்ல ஷோவுக்கு நிக்கும்" என்றார். ஜப்பானிலிருந்து வரும் பழைய இஞ்சின்களிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. "இங்கேயே ஓடின இதே மாடல், ஆக்சிடென்ட் ஆனது கிடைச்சா பெஸ்ட். ஆனா ரியர் ஹிட்டா இருக்கணும். முன்னாடி அடி வாங்கினது வேணவே வேணாம் லா."

அன்றிலிருந்து எனக்கு அதே பைத்தியம். யார் போன் செய்தாலும், "அடி முன்னாடியா, பின்னாடியா?" என்பதுதான் என் முதல் கேள்வி. கைப்பேசியில் யாராவது விபத்துப் படம் அனுப்பினால், ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க மாட்டேன். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து மெக்கானிக் கூப்பிட்டார். அதே மாடல், அதே வருஷம், ரியர் ஹிட். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஓடினேன். முடித்துக்கொண்டு தேக்கா சந்தையில் பிரியாணி சாப்பிடலாம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம்.

கிடங்கில் அந்த வண்டியருகே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், நம் தமிழ் ஆள்தான். கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே எதையோ துழாவிக்கொண்டிருந்தார். பார்ட்ஸ் எடுக்க வந்தவர், எனக்குப் போட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, இஞ்சினுக்கு நான் சொல்லி வச்சிருக்கேன் லா" என்று சிரித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? பானெட்டைத் தட்டி, "நல்ல வேளை, அடி பின்னாடி மட்டும்தான். முன்னாடி பாருங்க, ஒரு கீறல் இல்ல" என்றேன்.

"ஆமா, முன்னாடி ஒன்னும் ஆகல" என்றார். "நானும் என் வைஃபும் முன்னாடிதான் உக்காந்திருந்தோம்."

மறுபடி உள்ளே குனிந்துகொண்டே, "மக பின்னாடி இருந்தா" என்றார்.

பானெட்டின் மேல் இருந்த கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். நெரிசலில் நின்றிருந்த வண்டியை, பின்னால் வந்த லாரி மோதியிருக்கிறது. பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படித்த பெண். "மன்னிச்சிருங்க" என்று முனகினேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அவ மூக்குக் கண்ணாடியத் தேடறேன்" என்றார். "ஆஸ்பத்திரில குடுத்த பையில இல்ல."

மூன்று பேரும் தேடினோம். மெக்கானிக் டார்ச் அடித்தார். நான் மண்டியிட்டு முன் இருக்கைகளுக்கு அடியில் கைவிட்டேன். உடைந்த ஜன்னல் கண்ணாடித் தூள் விரலில் ஏறியது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். இருக்கை நகரும் இரும்புத் தடத்துக்குப் பக்கத்தில் அகப்பட்டது, முழுசாக. 'நல்ல வேளை, உடையல' என்று நுனிநாக்குவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் வாங்கிச் சட்டையில் துடைத்து, பையில் வைத்துக்கொண்டார்.

இந்த இஞ்சின் வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் நான் மெதுவாகச் சொன்னது அவருக்குக் கேட்டுவிட்டது.

"ஏன்? நல்லா ஓடும். ஆயில் நானேதான் மாத்துவேன். நீங்க எடுக்கலன்னா எல்லாத்தையும் சேத்து நசுக்கிடுவாங்க." பிறகு வண்டிக்குள் பார்த்தபடி, "உங்க வண்டில பின் சீட்ல யாரையும் ஏத்தாதீங்க. அது பேருக்குத்தான் சீட்டு" என்றார்.

என் மகளும் அதே மாதிரிச் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். தலையாட்டினேன்.

ஓட்டிப் பார்க்க மெக்கானிக் பேட்டரி கொண்டுவந்திருந்தார். அதைக் கவனித்த அவர், "நான் போனதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் வாசலைத் தாண்டி, சாலையில் திரும்பி மறையும்வரை காத்திருந்தோம். பிறகுதான் மெக்கானிக் வயரை மாட்டினார். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அவ்வளவு நல்ல இஞ்சின். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பும்போது பிரியாணியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இப்போது அந்த இஞ்சின் என் வண்டியில் ஓடுகிறது. பின் சீட்டைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று மனைவி கேட்டபோது, பாரம் குறையட்டும் என்று சொல்லிவைத்தேன். எங்காவது விபத்து என்று கேள்விப்பட்டால் 'நல்ல வேளை'தான் இன்னமும் என் வாய்க்கு முதலில் வருகிறது. அவரிடம் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது; அதனால் வேறு யாரிடமும் அதைச் சொல்லிவிடாமல் ஒவ்வொரு முறையும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.