தேக்கடியில் அத்தை பார்த்த யானை

மட்டாஞ்சேரியில் யானைக்குப் பஞ்சமில்லை. உற்சவம் என்றால் நெற்றிப்பட்டம் கட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஆனால் சங்கிலி இல்லாத யானையை நான் பார்த்ததே இல்லை. தேக்கடிக்குப் போகிறோம் என்று அப்பா சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

யானை என்பது எனக்காகச் சொன்னது. பெரியவர்கள் போனது அத்தையைக் காட்ட. மாப்பிள்ளை கம்பத்துக்காரர், ஏலக்காய் வியாபாரி, மனைவியை இழந்தவர். அதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் எங்கள் வீட்டில் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. அதனால் இந்த முறை இரண்டு ஊருக்கும் நடுவில், படகில், தற்செயலாகச் சந்திப்பதுபோல அப்பா ஏற்பாடு செய்திருந்தார். "எனக்கு இது வேண்டாம்ண்ணா" என்று அத்தை சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பஸ் கோட்டயம் தாண்டும் முன்பே "காடு வந்தாச்சா?" என்று நச்சரிக்கத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் அத்தை புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக வந்தாள்.

தேக்கடி ஏரிக்குள் பட்ட மரங்கள் நின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. எனக்கு அது போதுமா? படகில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். அம்மா தொடையில் கிள்ளி உட்காரவைத்தாள். எதிர் பெஞ்சில் மாப்பிள்ளையின் அம்மா அத்தையைத் தலைமுதல் கால்வரை அளந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பாடுவாளோ? மெதுவா ஒண்ணு பாடச் சொல்லுங்கோளேன்" என்றாள் அந்த மாமி.

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை வாயைத் திறந்தாள்.

"யானை! அதோ யானை!"

கத்திக்கொண்டே பெஞ்சின்மேல் ஏறி நின்றுவிட்டாள். படகிலிருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் பாய்ந்தார்கள். படகு சாய்ந்தது. "இரிக்கூ! எல்லாரும் இரிக்கூ!" என்று உட்காரச் சொல்லிப் படகுக்காரர் அலறினார். மாமியின் பழக்கூடை தண்ணீரில் விழுந்தது. பெரியவர்களுக்கு நடுவே நசுங்கிய எனக்கு யாரோ ஒருவருடைய வேட்டி மட்டும்தான் தெரிந்தது.

கரையேறியதும் மாமி அப்பாவிடம், "இத்தனை புருஷாளுக்கு நடுவுல பெஞ்சுமேல ஏறிக் குதிக்கற பொண்ணு எங்களுக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிட்டு மகனை இழுத்துக்கொண்டு போனாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா பொங்கினார்.

"எங்கேடி இருந்துது யானை? என் கண்ணுல படலையே! யாராவது பாத்தேளா?"

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என் கவலை. யானையைப் பார்க்காமல் திரும்பினேன் என்றால் வகுப்பில் எப்படித் தலைகாட்டுவது?

"நான் பாத்தேம்ப்பா" என்றேன். "பெரிய கொம்பன். தும்பிக்கையைத் தூக்கித்து."

அப்பா அடங்கிவிட்டார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் வரும்வரை விடவில்லை. அவள் கை சில்லிட்டிருந்தது. மலைக்குளிர் என்று நினைத்தேன். கூடவே அவள்மேல் எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது. என்னையும் அந்தப் பெஞ்சின்மேல் தூக்கி நிறுத்தியிருந்தால் நானும் அந்த யானையைப் பார்த்திருப்பேனே!