அயனிப் பலகையில் நாலு இஞ்ச் துளை

என் வீட்டுக்காரர் போடிக்கும் மலை உச்சியிலிருக்கும் மெட்டுக்குமாக ஆள் ஏற்றி ஜீப்பு ஓட்டுகிறவர். அத்தனை வளைவிலும் மழையிலும் பனியிலும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவர், ஒரு ஏலக்காய் சீசன் நடுவில், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுப் படியில் கால் வைத்தபோது வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. போடியில் மாவுக்கட்டுப் போட்டு, அந்தக் காலைக் கொஞ்ச நாளைக்குத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் வீடு மெட்டைத் தாண்டி, சரிவில் இருக்கிறது. முன்பு யாரோ ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோராகக் கட்டியது. கீழே கல் சுவருடன் ஒரே பெரிய அறை. மேலே பலகைத் தரை போட்ட இரண்டு அறை. மேலேதான் நாங்கள் இருந்தோம், கீழே குளிர் தாங்காது. கக்கூஸ் மட்டும் பின்பக்கம், படி இறங்கிப் போக வேண்டும்.

நாலு பேர் சேர்ந்து அவரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம்தான் சிரமம். படுக்கையில் பாத்திரம் வைப்பதற்கு அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். நான் வற்புறுத்தினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு தண்ணீரையும் குறைத்தார். காப்பி வேண்டாம் என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் எனக்குப் பயமாகிவிட்டது. மாடி மூலையிலேயே ஒரு வெஸ்டர்ன் சீட்டு போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

போடியிலிருந்து குழாய்க்காரர் வந்து பார்த்தார். சீட்டு வைப்பது, குழாயைக் கீழறை வழியாக வெளியே செப்டிக் டேங்குக்குக் கொண்டுபோவது எல்லாம் தன் வேலை, ஆனால் மரத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். தச்சரிடம் கேட்டால், பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சோலி இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்றார். எப்போது முடியும் என்று அவருக்கே தெரியவில்லை.

என் வீட்டுக்காரரின் அக்காவுக்குப் போன் போட்டேன். மதினியும் அவர் கணவரும் போடியில் ஜன்னல்களுக்குத் திரை தைத்து மாட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறார்கள். ஏணியில் ஏறினால் மதினி வீட்டுக்காரருக்குத் தலை சுற்றும். அதனால் சுவரில் துளை போட்டுக் கம்பி மாட்டுவது எப்போதும் மதினிதான். எனக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. ஆனால் டவுனை விட்டு நாங்கள் மலைக்குக் குடிவந்ததில் அவருக்கு மனக்குறை உண்டு. தம்பியைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று சொந்தத்தில் சொன்னதாகக் காதில் விழுந்திருக்கிறது. வருவாரோ மாட்டாரோ என்று நினைத்தேன். மறுநாள் காலை முதல் டிரிப் ஜீப்பிலேயே வந்து இறங்கினார், ஒரு கையில் டிரில் மிஷின், இன்னொரு கையில் தம்பிக்குப் பிடித்த அதிரசம்.

கூடவே கடையில் கேட்டு, நாலு இஞ்ச் வட்டமாக வெட்டும் ரம்பமும் வாங்கி வந்திருந்தார். பார்ப்பதற்குக் கிண்ணம் மாதிரி இருந்தது. விளிம்பு முழுக்கப் பல். நடுவில் துளை போடுகிற கம்பி, பிட்டு என்பார்கள், சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தது. அது முதலில் மரத்தில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், அதைச் சுற்றிக் கிண்ணம் வெட்டும். மதினியும் மரத்தில் இவ்வளவு பெரிய துளை போட்டதில்லையாம். ஒரு பழம்பலகையில் வெட்டிப் பார்த்துப் பழகிக்கொண்டோம்.

எங்கள் தரை இரண்டு அடுக்கு. மேலே தடித்த அயனிப் பலகை, கீழறைக்குக் கூரையாகத் தெரிவது இன்னொரு பலகை, நடுவில் ஒரு சாண் இடைவெளி. தட்டித் தட்டிப் பார்த்து, உத்திரம் இல்லாத இடமாக மதினி குறி வைத்தார். முதலில் நீளமான மெல்லிய பிட்டால் இரண்டு பலகையையும் துளைத்துப் பார்க்க வேண்டும். எங்கே வெளிவருகிறது என்று சொல்ல நான் கீழறையில் நின்றேன். பிட்டின் முனை எட்டிப் பார்த்தது. அது மேலே போனதும் என் முன்கையில் ஒரு சொட்டு விழுந்தது. மிஷினுக்குப் போட்ட எண்ணெய் என்று நினைத்துச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

மேலே வந்தபோது மதினி கிண்ண ரம்பத்தை ஓட்ட ஆரம்பித்திருந்தார். அயனி லேசில் விடவில்லை. பல்லெல்லாம் தூள் அடைத்துப் புகைந்தது. நிறுத்தி, தூளைத் தட்டி, மறுபடி ஓட்டினார். கடைசியில் வட்டத் துண்டு ரம்பத்தோடு சேர்ந்து மேலே வந்தது. வெட்டிய ஓட்டையிலிருந்து உள்ளே யாரோ முணுமுணுப்பது போல ஒரு சத்தம். அப்புறம் ஒரு தேனீ விளிம்பில் ஏறி நடந்தது. பின்னாலேயே இன்னும் சில.

பொந்துத் தேனீ. பலகைகளுக்கு நடுவில் அடை அடையாகக் கட்டியிருந்தது. மதினி சட்டென்று சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஓட்டைமேல் கவிழ்த்து, அதன்மேல் கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். அதற்குள் விரலில் ஒரு கொட்டு. நான் சுண்ணாம்பு தடவிவிட்டேன். சேலையில் துடைத்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் புகை போட்டுக் கலைத்துவிட்டு, அதே துளையை முடித்துவிடலாம் என்றார் மதினி. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. கதவு திறந்திருந்ததால் என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாதவர், அன்றைக்குப் பேசினார்.

“புகை வேணாங்க்கா. நம்ம ஏலச் செடியில சரத்துக்குச் சரம் காய் பிடிக்கிறதே இதுக வந்து போறதாலதான். ரெண்டடி தள்ளிப் போட்டுக்கங்க.”

“ரெண்டடி தள்ளுனா ஜன்னலுக்கு நேரா வரும்டா சீட்டு.”

“வரட்டும். மலையப் பாத்துக்கிட்டு உக்காந்துக்கிறேன்.”

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை.

வெட்டி எடுத்த வட்டத்தைத் திரும்ப ஓட்டையில் பொருத்தி, சுற்றிலும் மெழுகு அடைத்தோம். உத்திரத்துக்கு அந்தப் பக்கம் தட்டிப் பார்த்துப் புதுக் குறி வைத்தோம். மதினிக்கு விரல் வீங்கியிருந்ததால் இந்தத் தடவை மிஷினை நான் எடுத்தேன். மலையில் வோல்டேஜ் கம்மி, மிஷின் சில நேரம் முனகும். அப்போது ஆத்திரப்பட்டு அழுத்தினால் ரம்பம் மாட்டிக்கொண்டு மிஷின் மணிக்கட்டை முறுக்குகிறது. ஒரு தடவை அப்படி ஆனதும் கற்றுக்கொண்டேன். லேசாகப் பிடித்தால் போதும், அது தன் போக்கில் வெட்டும்.

மேல்பலகை முடிந்ததும் கீழறைக்குப் போய் மேஜைமேல் ஏறினேன். கீழ்ப்பலகையைக் கீழிருந்து வெட்டினால்தான் விளிம்பு பிய்யாது என்று மதினி சொன்னார். தூள் கண்ணில் விழாமலிருக்க என் வீட்டுக்காரரின் பழைய பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். வட்டம் கழன்று கையில் விழுந்தபோது மேலே வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தில் மதினியின் முகம்.

“நீ இங்க நல்லாத்தான் இருக்க, ஆத்தா,” என்றார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நான் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

குழாய்க்காரர் வந்து மற்றதை முடித்தார். எங்கள் இருவர் தோளிலும் கை போட்டு ஒற்றைக் காலில் போய் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார், கதவுக்குப் பதில் மதினி தைத்த திரை. வெளியே வந்ததும் காப்பி கேட்டார், குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். கட்டுப் பிரிக்கும்வரை மதினி எங்களோடுதான் இருந்தார்.

அந்தப் பக்கமெல்லாம் பலகைத் தரை வீடுகள் நிறைய. துளை போட ஆள் இருக்கிறது என்று பேச்சுப் பரவி, என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்த வருசம் சொந்தமாக ஒரு மிஷின் வாங்கிவிட்டேன். அடுப்புப் புகைக்குழாய்க்கு, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. ஜீப்பில் என்னைக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை.

போன வாரம் மேட்டு வீட்டு மலையாளத்துச் சேச்சி கூப்பிட்டிருந்தார். மச்சில் காய்கிற மிளகைக் கூடை கூடையாகச் சுமந்து இறக்க முடியவில்லையாம், தரையில் ஒரு துளை போட்டால் நேராகக் கீழே சாக்கில் கொட்டிவிடலாம் என்றார். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. வெட்டி முடித்து, விளிம்பைத் தேய்த்து, முதல் கூடையை இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்த்தோம். மிளகு மழை மாதிரி இறங்குகிற சத்தம் கேட்கவே சுகமாக இருந்தது. கூடை காலியான பிறகுதான் சேச்சி என் கையைப் பிடித்தார். கீழே சாக்கு வைத்தது யார் என்று கேட்டார். யாரும் வைக்கவில்லை.