எதிர் நாற்காலியில் பூதலிங்கம்

தச்சநல்லூரில் பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் காயில் கட்டும் பூதலிங்கத்துக்கு இந்த உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் தோற்கடிக்க வேண்டியிருந்தது. அவர் தோற்பதைப் பார்க்கத்தான் மனசு இல்லை. இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு மனிதர் நன்றாகவே தூங்கினார்.

அந்த ஒருவர் காயல்பட்டினத்து நாசர். அரபு நாட்டில், தம்மாமில் ஓர் அத்தர் கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் லீவில் வருவார். வந்தால் திருநெல்வேலி கேரம் போட்டியில் பெயர் கொடுப்பார், இறுதி ஆட்டத்தில் பூதலிங்கத்தைத் தோற்கடிப்பார், ஒரு குப்பி அத்தரை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு விமானம் ஏறுவார்.

நாசரிடம் ஓர் அடி உண்டு. காய் அவர் ஸ்ட்ரைக்கர் வைக்கும் கோட்டுக்குப் பின்னால், அவர் பக்கத்துக் குழியருகே கிடக்கும். நேராக அடிக்க வழியில்லை. ஸ்ட்ரைக்கரை எதிர்ப்பக்கம் அனுப்புவார். பவுடர் தூவிய பலகையில் அது சத்தமில்லாமல் மிதந்து வரும். பூதலிங்கத்தின் வயிற்றுக்கு முன்னால் பலகையின் விளிம்புக் கட்டையைத் தொடும். சுகம் விசாரிக்க வந்ததுபோல ஒரு கணம் நின்ற மாதிரி இருக்கும். பிறகு திரும்பிப் போய்க் காயைக் குழிக்குள் தள்ளும்.

ரீபவுண்ட் எல்லாரும் அடிப்பதுதான். ஆனால் நாசர் அடித்தால் பூதலிங்கத்துக்குக் கொக்கிரகுளம் ஆற்றுப் படித்துறை நினைவுக்கு வந்துவிடும். வேப்பம்பழம் ஒன்று அலையோடு வந்து, படியைத் தொட்டு, மனசில்லாமல் திரும்பும். அந்த ஆற்றிலேயே கழுத்தளவு நின்றிருப்பார். நடுவர் மேசையைத் தட்டி, உம்ம முறைதான் வே என்று நினைவூட்ட வேண்டியிருக்கும்.

அவருடைய ஆட்டம் வேறு ரகம். எதிராளியின் வழியில் தன் காயை நிறுத்தி மறித்துவிட்டுக் காத்திருப்பார். நாளெல்லாம் செம்புக்கம்பி சுற்றுகிறவருக்குப் பொறுமைக்கா பஞ்சம்?

இந்த வருஷம் நாசர் போனில் சொல்லிவிட்டார்: "பொண்டாட்டி புள்ளையளையும் கூட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி. இனி இங்கன எப்ப வருவேன்னு சொல்ல முடியாது."

ஆக, ஜெயிப்பதானால் இப்போதே. தன் ஆட்டத்தை ஆடித்தானே இத்தனை தடவை தோற்றோம் என்று யோசித்தார். நாசரை ஜெயிக்க நாசர் மாதிரி ஆட வேண்டும். கடையில் போர்டை இறக்கி வைத்து ரீபவுண்டாக அடித்துத் தள்ளினார். எரிந்த மோட்டார்கள் வாசலில் தவம் கிடந்தன. வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பையும் சுண்டிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாக்கூட இம்புட்டு நெனப்பு இருக்காது" என்றாள் மனைவி பாக்கியவதி. "அந்த மனுசன் பிளேன் ஏறினாத்தான் ஊர்ல நாலு வீட்டு மோட்டார் ஓடித் தண்ணி வரும்."

வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இறுதி ஆட்டம். ஜன்னல் வெயிலில் பவுடர் தூசி இறங்க மனமில்லாமல் அலைந்தது. காய்கள் கலைந்ததும் நாசர் ஒரு காயைப் பைய நகர்த்தி, பூதலிங்கத்தின் வழியில் நிறுத்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.

பூதலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன வே இது? இது என் ஆட்டம்லா?"

"ஆமா அண்ணாச்சி. தம்மாம் ரூம்ல இதத்தான் பழகுதேன். ஒங்கள மாதிரி பொறுமையா ஒருக்கா ஆடிப் பாக்கணும்னு ஆச."

பூதலிங்கம் பதிலுக்கு ரீபவுண்ட் அடித்தார். ஸ்ட்ரைக்கர் நேராகப் போய்க் குழியில் விழுந்தது.

"ஏலே, ரெண்டு பேரும் சட்டைய மாத்திப் போட்டுட்டு வந்துட்டாவளா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

மாவட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் இருவரும் அன்றைக்கு ஆடிய மாதிரி மோசமான ஆட்டத்தை அந்தக் கூடம் பார்த்ததில்லை. நாசரின் பொறுமை நாலு அடிக்கு மேல் தாங்கவில்லை. பூதலிங்கத்தின் துணிச்சலுக்குக் குறி வாய்க்கவில்லை. ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதும் முடியப்போகும் நேரத்தில் இருவருக்கும் ஒவ்வொரு காய்தான் பாக்கி.

நாசரின் காய் குழி வாசலில் நின்றது, தொட்டால் விழும். பூதலிங்கத்தின் காய் அவர் பக்கத்திலேயே, தன் கோட்டுக்குப் பின்னால் கிடந்தது. பழைய பூதலிங்கமாக இருந்தால் நாசரின் காயைத் தட்டி விலக்கிவிட்டு இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். இவர் ஸ்ட்ரைக்கரை எதிர்ப்பக்கம் விட்டார். அது மிதந்து போனது. அடிக்கிறவர் பக்கமிருந்து பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. வழியனுப்பிவிட்டு, போகிறவர் முதுகைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. எதிர்க் கட்டையைத் தொட்டுத் திரும்பி வந்தது. காய் விழுந்தது.

கைதட்டினார்கள். நாசர் எழவில்லை. கை கொடுக்கவில்லை. தனக்கு முன்னால் இருந்த கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூதலிங்கம் பலகையின் மேல் குனிந்தார்.

"நாசரு, மனசுல வச்சுக்கிடாதேயும்."

"காய அங்கனயே வைங்க அண்ணாச்சி. இன்னொருக்கா அடிங்க."

"ஏன் வே, கோட்டத் தொட்டுட்டேனோ?"

"அதெல்லாம் இல்ல. எத்தன வருசமா இத அடிக்கேன்! எங்கிட்ட வந்து, ஒருவாக்குப் பேசிட்டுப் போற மாதிரி போகுதே, இத நான் இன்னைக்கித்தான் பாக்குதேன்."

பூதலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெயித்த அவசரத்தில், அந்த அடியைப் பார்க்கும் எதிர் நாற்காலியை இவரிடம் கொடுத்துவிட்டோமே!

கோப்பையோடு போட்டோக்காரர் காத்திருந்தார். சுற்றிலும் மேசைகளை மடக்கத் தொடங்கிவிட்டார்கள். பூதலிங்கம் காயை வைத்து அடித்தார், தவறியது. மறுபடி அடித்தார், அதுவும் தவறியது. அப்புறம் ஒன்று மிதந்து போய், தொட்டு, திரும்பியது. காய் விழுந்ததா என்று நாசர் பார்க்கவே இல்லை.

"இதுக்காகவா அண்ணாச்சி இத்தன வருசமும் தோத்தீங்க?"

"பின்ன எதுக்கு வே?" என்ற பூதலிங்கம் தன் இடத்தை விட்டு எழுந்தார். "இப்ப எழும்பும். அங்கன நான் உக்காரணும்."