பச்சைப் பொட்டு வைத்த சுவிட்ச்

அப்பா தி. நகரில் என்னோடு வந்து இருப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். மீன் தொட்டியும் கூட வரும். மயிலாப்பூர் வாடகைப் போர்ஷனில் தனியாக இருந்தவர் குளியலறையில் மயங்கி விழுந்து, பால்காரர் கதவைத் தட்டோ தட்டென்று தட்டி, கடைசியில் நாலு பேர் சேர்ந்து தாழ்ப்பாளை உடைத்த பிறகுதான் அந்த அளவுக்காவது இறங்கி வந்தார். நான் உடனே சரி என்றேன். யானையோடு வருகிறேன் என்றிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் போர்ஷனை அவர் காலி செய்யவில்லை. அதன் சாவி சட்டைப் பையிலேயே இருந்தது. என்னோடு சண்டை வந்தால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

தொட்டியில் ஆறு தங்கமீன்கள். அதில் கறுப்பு வால் மீன் ஒன்று, அப்பா கண்ணாடியில் விரல் வைத்தால் ஓடி வரும். நான் வைத்தால் திரும்பிக்கொள்ளும். வீட்டில் சோறு போடுகிறவள் நான், மரியாதை மட்டும் அவருக்கு.

மயிலாப்பூரில் கரண்ட் போனால் காற்று விடும் மோட்டார் நின்றுவிடும். அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் மக்கால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றிக்கொண்டிருப்பார். கரண்ட் வரும்வரை அதே வேலை. அப்படித்தான் ஆறும் மூன்று வருடம் பிழைத்திருந்தன. எழுபதை நெருங்குகிற மனுஷன் மணிக்கணக்காகக் குனிந்து நிமிர வேண்டாம் என்றுதான் நான் இன்வர்ட்டர் வாங்கினேன். ஹாலில் ஒரு ட்யூப்லைட், தொட்டி மோட்டார், இரண்டுக்கு மட்டும் லைன்.

"இன்னா மேடம், அஞ்சு ஹவர் கரண்ட் இல்லன்னாலும் மீனுங்க ஜாலியா கீழ மேல போய்க்கினு இருக்கும். நீங்க கவலையே படாதீங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

அப்பா மக்கைக் குளியலறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

முதல் மாதமே ஒன்று செத்தது. பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் எடுத்து மத்தியானம் இரண்டுக்குக் கொடுத்த நாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், மோட்டார் ஓடுகிறது, குமிழி குமிழியாகக் காற்று வருகிறது, ஒரு மீன் மட்டும் வயிறு மேலே தெரிய மிதக்கிறது. வயசாகியிருக்கும் என்று சமாதானம் சொன்னேன். அடுத்த நீளமான கரண்ட் கட்டில் இன்னொன்று. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். அவர் மெயினை அணைத்துக் காட்டினார். மோட்டார் நிற்காமல் ஓடியது.

"பாருங்க மேடம், சோக்கா ஓடுது. நீங்க தண்ணிய பாருங்க."

தண்ணீரைப் பார்த்தேன். லாரித் தண்ணீரில் மருந்து அதிகம் என்றார்கள், இரண்டு நாள் வாளியில் பிடித்து வைத்து ஊற்றினேன். கரப்பான் மருந்து அடிப்பதை நிறுத்தினேன். எதிர் ஃபிளாட் அம்மாள் வாஸ்து என்றார். அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தால் வீட்டில் உயிர் தங்காதாம். நான் கணக்கு டீச்சர், இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவள். இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொட்டியைக் காலி செய்து, எதிர்ச் சுவருக்கு நகர்த்தி, ஒயரை இழுத்துவிட்டேன். மூன்றாவது செத்தது. பிறகு நாலாவது. கரண்டே இல்லாத வீட்டில் பிழைத்த மீன்கள், கரண்ட் போகாத தொட்டியில் ஏன் சாகின்றன? எந்தப் பக்கம் போட்டாலும் விடை வரவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன்.

அப்பா கத்தவில்லை. நாலாவது மீனை ரோஜாத் தொட்டியில் புதைத்துவிட்டு வந்து கை கழுவினார்.

"இந்த வீடு அதுங்களுக்கு ஒத்துக்கலம்மா. மிச்சம் ரெண்டையும் எடுத்துக்கிட்டு நான் மயிலாப்பூருக்கே போயிடறேன்."

மறுபடியும் அவர் விழுந்தால்? இந்தத் தடவை பால்காரர் வராத நாளாக இருந்தால்? ஒரு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். மாதம் முடிந்தால் போய்விடுவதாகச் சொல்லிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து வைத்துக்கொண்டார்.

அந்த மாதத்தில் எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதே என்றார்கள். கறுப்புக் கண்ணாடியோடு ஹாலில் படுத்திருந்தபோது, காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. தொட்டி மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கண்டுபிடித்தே தீருவது என்று எழுந்து உட்கார்ந்தேன்.

அப்பா தன் அறையிலிருந்து வந்தார். ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்தார். டிவி. மிக்ஸி. கிரைண்டர். எல்லாம் வழக்கம்தான். கரண்ட் திரும்பி வரும்போது ஹை வோல்டேஜில் வந்தால் எல்லாம் புகைந்துவிடும் என்று எங்கள் வீட்டில் கரண்ட் போனதும் யாராவது ஒரு சுற்று போய்வருவோம். அப்பா கல்லூரி பௌதிக லேப்பில் முப்பத்தோரு வருடம் இருந்தவர், அந்தச் சுற்றில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடைசியாகத் தொட்டிக்கு வந்தார். கறுப்பு வால் மீன் ஓடி வந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை நீட்டி அந்த சுவிட்சையும் அணைத்தார். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு, காற்று வரும் பால்கனிக்கு நடந்தார்.

குமிழி நின்றது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை.

"அப்பா! அதை ஏன் அணைச்சீங்க?"

"எதை?"

"மீன் தொட்டி சுவிட்சை! அது இன்வர்ட்டர் லைன்ப்பா! கரண்ட் வந்ததும் எல்லாத்தையும் போட்டுடறீங்க, நான் வர்றப்போ ஓடிக்கிட்டிருக்கு. அய்யோ, நீங்கதான்ப்பா அத்தனையையும் சாகடிச்சிருக்கீங்க!"

சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் அப்படி. ஆண்டுக்கணக்கில் பையன்களுக்குக் கரண்ட் எப்படி எங்கே போகிறது என்று காட்டிக்கொடுத்தவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுவிட்சைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"நானா?" என்றார். "தெரியலையேம்மா. கை தானா போயிருக்கு."

நான் சுவிட்சைப் போட்டேன். அப்பா குளியலறைக்குப் போய் மக்கை எடுத்து வந்து, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. வந்த வேகத்தில் பல்புகள் வெள்ளையாக எரிந்தன. ஃபிரிட்ஜ் உறுமிவிட்டு அடங்கியது, கருகிய வாடை வந்தது. நான் சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். அப்பா நாற்காலியில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, இங்கேயேதானே இருந்தீங்க? ஃபிரிட்ஜை அணைச்சிருக்கக் கூடாதா?"

"எதை அணைக்கணும், எதை அணைக்கக் கூடாதுன்னு குழப்பமா இருந்ததும்மா" என்றார். "அதான் எதையுமே தொடல."

அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் பழக்கமில்லை. அலமாரியிலிருந்து என் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்து வந்தேன். ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, கிரைண்டர் சுவிட்சுகளில் சிவப்புப் பொட்டு ஒட்டினேன். தொட்டி சுவிட்சில் பச்சை.

"சிவப்புன்னா அணைங்க. பச்சையைத் தொடவே வேண்டாம். அவ்வளவுதான்ப்பா."

வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் குரலில் சொன்னேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

அடுத்த கரண்ட் கட் ஒரு சனிக்கிழமை காலையில். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு சுவிட்சாகக் குனிந்து பொட்டைப் பார்த்தார், அணைத்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார். தொட்டிக்கு வந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சரிதானே?"

"சரிப்பா."

இரண்டு மீனும் குமிழிகளுக்கு நடுவில் நீந்திக்கொண்டிருந்தன. அப்பா சட்டைப் பையிலிருந்து மயிலாப்பூர் சாவியை எடுத்துத் தொட்டி மூடியின் மேல் வைத்தார்.

"போர்ஷனைக் காலி பண்ணிடறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடும்மா" என்றார். "அங்கே தனியா இருந்தா எனக்கு யார் பொட்டு வெச்சுத் தருவா?"

இத்தனை மாதமாக நான் வேண்டிக்கொண்டிருந்தது இந்த ஒரு சாவிதான். எடுக்கக் கை வரவில்லை.