கதவைத் திறக்க ஒரு துப்பாக்கி

ஆறு பெண்கள் பிறந்த வீட்டில் நான்காவது பெண் ஆர்லிஸ். மூன்று கட்டில்கள், கட்டிலுக்கு இருவர். ராத்திரியில் யாராவது ஒருத்தியின் சில்லிட்ட பாதம் தன் முழங்காலில் படாமல் தூங்கியதே இல்லை என்று அவள் சொல்வாள். அப்படி வளர்ந்தவள், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாத லாரிக்காரனைக் கட்டிக்கொண்டாள்.

"என் மேல அவ்வளவு ஆசையா?" என்று வென்டல் ஹௌகன் கேட்பான்.

"ஆசையெல்லாம் இல்ல. உன் காலும் ஐஸ்கட்டி மாதிரி இருக்கு. பழகின மாதிரி இருந்துச்சு."

கிழக்கு மான்டனாவில், சரளைச் சாலை முடிகிற இடத்தில் அவர்கள் வீடு. வென்டலின் அப்பா தன் கையால் கட்டியது. சுற்றிலும் கோதுமை வயல். கூப்பிடு தூரத்தில் ஒரு மனிதர் கிடையாது. அடுத்த வீடான ஹால்வர்சன் வீட்டுக்கே இரண்டு மைல் போக வேண்டும். ஆர்லிஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். சில்லி என்கிற பீன்ஸ் குழம்போடு இலவங்கப்பட்டை ரொட்டி போடுகிற வியாழக்கிழமையில் எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வராது என்று தலைமையாசிரியரே சொல்லிச் சிரிப்பார். பகலில் இருநூறு பிள்ளைகளின் இரைச்சல். சாயங்காலம் வீடு திரும்பினால் காற்றின் சத்தம் மட்டும். வென்டல் வண்டியோடு போன நாட்களில் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு, ரேடியோவையும் பாட விட்டுக்கொண்டு அவள் படுப்பது வழக்கம். அது வென்டலுக்குத் தெரியும். மின்சாரச் செலவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எண்பத்தேழாம் வருஷம் ஜனவரியில் அது நடந்தது. வென்டல் ஸ்போகேன் போயிருந்தான். இருட்டுகிற நேரம். பனி நேராக விழாமல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். ஆண்குரல். வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது, உள்ளே வரலாமா என்று கேட்டது. பின்பக்கத்து அடுப்படியில், அப்போது எரிந்த ஒரே விளக்கின் கீழ் நின்றிருந்த ஆர்லிஸுக்குக் கால் நகரவில்லை, குரலும் வரவில்லை. கை மட்டும் நீண்டு விளக்கை அணைத்தது. தட்டியவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் தட்டுகிறவனுக்குக் கதவைத் திறக்காதவர்கள் கிடையாது. ஆள் இல்லாத வீட்டைக்கூட அதற்காகவே பூட்டாமல் விட்டுப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஹால்வர்சன் கிழவர் கதை கதையாகச் சொன்னார். தீவனக் கம்பெனி ஆளாம், சின்னப் பையனாம். அந்தப் பனியில் தன் வீடு வரைக்கும் நடந்தே வந்தானாம். இரண்டு கால்விரல் நுனியை டாக்டர் எடுக்க வேண்டியதாகிவிட்டதாம். "வழியில ஒரு வீடு இருந்துச்சு, இருட்டா கெடந்துச்சு, ஆள் இல்லன்னு நெனச்சேன்னு சொன்னான். பாவம்." ஆர்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனாள்.

வென்டல் வந்ததும் அவனிடம் மட்டும் சொன்னாள். அழவில்லை. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள்.

"அவன் செத்திருப்பான் வென்டல். நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டே இருந்திருப்பேன்."

"பயந்துட்ட. யாருக்குத்தான் பயம் வராது?"

"வந்தா வரட்டும். ஆனா கதவத் தொறக்கணும். என் கையில ஏதாவது இருந்திருந்தா தொறந்திருப்பேன். அதுக்கு வழி பண்ணு. இல்லன்னா இந்த வீட்ட வித்துட்டு டவுனுக்குப் போயிடலாம். தொறக்காத கதவ வெச்சுக்கிட்டு இங்க நான் இருக்க மாட்டேன்."

வீட்டை விற்பதா என்று வென்டலுக்குத் திக்கென்றது. அவனுக்குத் தெரிந்த ஒரே வழியை அவன் செய்தான். பிப்ரவரியில் அவளுடைய பிறந்தநாளுக்கு, ரிப்பன் கட்டிய ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். உள்ளே ஐந்து தோட்டா கொள்கிற குட்டை ரிவால்வர். உள்ளங்கைக்குள் அடங்குகிற சைஸ், இறகு மாதிரி எடை. சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது அவன் கணக்கு. அந்த ஊரில் புருஷன்மார் எல்லோருடைய கணக்கும் அதுதான்.

சரளை வெட்டிய பழைய பள்ளத்துக்குக் கூட்டிப்போய்ச் சுடச் சொன்னான். முதல் குண்டுக்கே துப்பாக்கி அவள் கைக்குள் துள்ளி எகிறியது. மூன்றாவதுக்கு, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவது முடிந்ததும் துப்பாக்கியை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறினாள். கட்டைவிரல் கவையில் தோல் வழன்றிருந்தது. குறிக்கு வைத்த காகிதத் தட்டில் ஒரு ஓட்டை கூட இல்லை.

"அழகா இருக்கு வென்டல்," என்றாள்.

பன்னிரண்டு டன் சரக்கைக் குட்டி வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். துப்பாக்கியும் அப்படித்தான், எடை குறையக் குறைய உதை கூடும். பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் அது அவன் நினைவுக்கு வரவில்லை.

அவன் அக்கா மேவிஸ் ஷெரீஃப் ஆபீஸில் போலீஸ் வண்டிகளுக்கு ரேடியோவில் தகவல் சொல்பவள். கேள்விப்பட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டேய், எங்க வீட்டு மனுஷனும் எனக்கு இதையேதான் வாங்கிக் குடுத்தாரு. ரெண்டு வருஷம் கையுறை டிராயர்ல கெடந்துச்சு. உனக்குச் செருப்பு வாங்கணும்னா ஆர்லிஸ் போட்டுப் பாத்தா வாங்குவா?"

"கடைக்காரன்தான் பொம்பளைங்க விரும்பி வாங்குறதுன்னு சொன்னான்."

"எந்தப் பொம்பளை வாங்கினா? கேட்டியா? வாங்கினதெல்லாம் உன்ன மாதிரி மடையனுங்க."

அது உண்மைதான் என்று இருவரும் திருப்பிக் கொடுக்கப் போனபோது தெரிந்தது. ராஸ்கோ பிராட்டின் கடையில் முன்பக்கம் ஆணியும் பெயிண்டும், பின்பக்கம் துப்பாக்கி. ராஸ்கோ அந்தக் குட்டை ரிவால்வரை வாங்கித் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தார். அங்கே ஏற்கெனவே அதே ஜாதியில் ஒரு வரிசை நின்றது. எல்லாம் பளபளவென்று புதுசு மாதிரி.

"ஒவ்வொண்ணும் அஞ்சு குண்டு சுட்டது," என்றார் ராஸ்கோ. "சிலது பத்து. அதெல்லாம் பிடிவாதக்காரிங்க."

வென்டலுக்கு முகம் சுண்டிவிட்டது. வண்டியில் திரும்பும்போது ஆர்லிஸ் அவன் தொடையில் கையை வைத்தாள். "நீ பிரியமா வாங்கினது. ஆனா கடிக்குது. நானே பாத்து எடுத்துக்கறேன், சரியா?" அவன் சரி என்றான்.

மே மாதம் பனி உருகி மண் காய்ந்ததும் ஆற்றோரம் இருக்கிற கிளப்பில் சுடுகிறவர்கள் கூடுவார்கள். ஒரு மேசை வரிசையில் வீட்டில் செய்த கேசரோல் பதார்த்தமும் ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பும். இன்னொரு வரிசையில் அவரவர் துப்பாக்கி, வெறுமையாகத் திறந்து வைத்தபடி. புதிதாக யாராவது வந்துவிட்டால் போதும், சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவது போல, என்னுடையதைச் சுட்டுப் பார், என்னுடையதைச் சுட்டுப் பார் என்று விட மாட்டார்கள். தோட்டாவும் அவர்களுடையதே. அடுத்தவன் துப்பாக்கியை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் முகம் வாடிப்போகும்.

ஆர்லிஸ் அன்றைக்கு எல்லோருடையதையும் சுட்டாள். பல் டாக்டரின் பீரங்கி மாதிரி இருந்த மேக்னம் ரிவால்வரைச் சுட்டதும், "உங்க நோயாளிங்க ஏன் வாயைத் தொறக்கறாங்கன்னு இப்பத்தான் புரியுது," என்றாள். பாதிரியாரின் சின்னக் குண்டு போடுகிற பாயிண்ட் இருபத்திரண்டு துப்பாக்கி உதைக்கவே இல்லை. "காகிதத்துக்கு இது போதும்மா. வாசல்ல நிக்கிறவனுக்குப் பத்தாது," என்று அவரே சொல்லிவிட்டார். மேவிஸின் பிஸ்டல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் மேல்தகட்டைப் பின்னால் இழுத்துவிட ஆர்லிஸின் கட்டைவிரல் மூட்டு வலித்தது. வருஷக்கணக்காக மாவு பிசைந்த விரல் அது.

"ஒண்ணு பண்ணு," என்றாள் மேவிஸ். "குண்டு இல்லாம கையில எடுத்துக்க. கண்ண மூடிக்க. எதிர்ல இருக்கறத நெனச்சுக் கை நீட்டு. அப்புறம் கண்ணத் தொற. குறி எங்க நிக்குதுன்னு பாரு. உன் கைக்குப் பொறந்ததா இருந்தா அங்கயே நிக்கும். கோணிக்கிட்டு நின்னா, எவ்வளவு அழகா இருந்தாலும் வெச்சுட்டு வந்துடு. நான் ரெண்டாவது புருஷன அப்படித்தான் பாத்தேன்."

ஜூன் முழுக்க ஆர்லிஸ் சனிக்கிழமைதோறும் ராஸ்கோ கடைக்குப் போனாள். துப்பாக்கியைத் திறந்து வெறுமை என்று பார்ப்பாள், மூடுவாள், கண்ணை மூடுவாள், சுவரில் இருந்த டிராக்டர் படம் போட்ட காலண்டரை நினைத்துக் கையை நீட்டுவாள், கண்ணைத் திறப்பாள், தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஆணி வாங்க வந்தவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். வென்டல் ஊரில் இருக்கும் வாரங்களில் கூடவே போய்ப் பெயிண்ட் டப்பாக்களைப் படிப்பது போல நிற்பான்.

கடைசியில் எடுத்தது ஒரு பழைய ஆறு தோட்டா ரிவால்வர். நீளக் குழல், நல்ல கனம். ஏதோ ஊர்ப் போலீஸ்காரன் இடுப்பில் வருஷக்கணக்காகக் கிடந்து, உறை உரசி உரசிக் குழலின் முனை வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்தபோது குறி டிராக்டரின் பின்சக்கரத்தில் அசையாமல் நின்றது. அவள் கையை இறக்கவே இல்லை.

"ஆர்லிஸ், அது படகுக்கு நங்கூரமாப் போடலாம். அவ்வளவு கனம்," என்றார் ராஸ்கோ.

"என் ரொட்டிக் கட்டை இதைவிடக் கனம். தினம் காலையில தூக்கறேன்."

"பழசும்மா. பாக்க நல்லா இல்லையே."

"நான் கட்டிக்கிட்டதும் பாக்க நல்லா இல்ல. ஒழைக்குது."

ஆணி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். வென்டலும் பெயிண்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சிரித்துவிட்டான். பிப்ரவரியிலிருந்து அவன் மனதில் கிடந்த வருத்தம் அந்த இடத்திலேயே போய்விட்டது. மொத்தையான கைப்பிடிக் கட்டைகளைக் கழற்றிவிட்டு மெல்லியதாக இரண்டு மாட்டிக் கொடுத்தார் ராஸ்கோ. விரல் விசைக்குச் சரியாக எட்டியது.

அந்தக் கோடையைத்தான் வென்டல் இப்போது, இத்தனை வருஷம் கழித்து, அதிகம் நினைக்கிறான். ஆர்லிஸ் போன மார்ச்சில் இறந்துபோனாள். மனதில் வருவது ஆஸ்பத்திரி இல்லை. அந்தச் சரளைப் பள்ளம்தான். வெயில் சாய்ந்திருக்கும். வெட்டுக்கிளி சத்தம். தலையில் அவன் பழைய தொப்பி, அதன்மேல் காதுமூடி, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு காகிதத் தட்டைப் பார்த்து நிற்பாள். அவசரமே இருக்காது. மாவு உப்புவதற்குக் காத்திருக்கிறவளின் பொறுமை. வீட்டிலும், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, வெறும் துப்பாக்கியின் குழல்மேல் ஒரு காசை நிறுத்தி, அது விழாமல் விசையை இழுத்துப் பழகுவாள். ஆகஸ்டுக்குள் தட்டின் நடுவில் ஒரு கோப்பை அளவுக்குள் ஆறு குண்டும் விழுந்தன. தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம். வென்டல் நிறையக் கழுவினான். காபிக் குடுவையின் மூடியில் இருவரும் மாறி மாறிக் குடித்துவிட்டு, புகை மணம் ஒட்டிய விரலோடு வீடு வருவார்கள். அவள் மடியில் காலிப் பித்தளைத் தோட்டாக் கூடுகள் கலகலக்கும். வாழ்க்கையில் அதைவிடப் பெரிதாக எதையும் அவன் கேட்டதில்லை.

அந்த எண்பத்தேழு டிசம்பரிலேயே இன்னொரு புயல் வந்தது. அன்று நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். விளக்கேற்றுகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஆண்குரல்தான். கால் நடுங்கியதை அவள் மறைக்கவில்லை. "நடுங்கிக்கிட்டேதான் நடந்தேன்," என்றாள். அலமாரி மேல்தட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் கம்பளிச் சட்டைப் பையில் போட்டாள். பை முட்டி வரைக்கும் தொங்கியதாம். கதவருகில் போய்ப் பெயரைக் கேட்டாள். டியூயி என்றது குரல். தாழ்ப்பாளை எடுத்தாள். புருவமும் தாடியும் பனிக்கட்டியாக, மாடு ஏற்றிப் போகிற ஒரு லாரிக்காரன் நின்றான். அவன் இரண்டாவது கிண்ணம் சூப் குடித்து முடித்ததும், பை இழுக்கிறது என்று துப்பாக்கியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டாள். அவனைக் கூடத்துச் சோபாவில் படுக்கச் சொல்லிவிட்டு, தன் அறையைப் பூட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.

இது எதுவும் தெரியாமல் வென்டல் காலையில் வந்து சேர்ந்தான். சாலையோரப் பள்ளத்தில் முன்பின் தெரியாத வண்டி ஒன்று சாய்ந்து கிடந்தது. ஓடிப்போய்த் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினான். திறந்தவன் ஒரு தாடிக்காரன். வென்டலின் செருப்பைப் போட்டிருந்தான். கையில் பாதி கடித்த இலவங்கப்பட்டை ரொட்டி.

"யாருங்க? என்ன வேணும்?" என்றான் தாடிக்காரன்.

"இது என் வீடு."

தாடிக்காரன் மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினான். "அக்கா, யாரோ வந்திருக்காரு. தன் வீடுன்னு சொல்றாரு."

அடுப்படியிலிருந்து ஆர்லிஸின் குரல் வந்தது. "யாரா இருந்தாலும் உள்ள வரச் சொல்லுப்பா. காத்து வருது."