நனைந்தால் திறக்காத கதவுகள்

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத் தோல் மழையில் ஊறினால், அதன் வாடை கொட்டைப்பாக்கையும் ஈரக் கோணியையும் ஒன்றாக முகர்ந்ததுபோல இருக்கும். ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வாடையாகவே தெரியாது என்பார்கள், எனக்கோ எட்டு வயதிலிருந்தே அது மூக்கில் ஏறினால் மூச்சை உள்ளே இழுக்க நெஞ்சில் இடம் போதாததுபோல் ஆகிவிடும்.

அப்பா தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தார். முதலாளி புதுக் கார் எடுத்தபோது, தள்ளிவிட இருந்த வெள்ளை அம்பாசிடரை அப்பா வாங்கிக்கொண்டார். அப்போதே அது கிழட்டு வண்டிதான். ஆனால் அதன் தகரத்தைத் தட்டினால் அண்டாவைத் தட்டியதுபோல ஒலிக்கும். முன்மூடியைத் தூக்கினால் உள்ளே ஒவ்வொன்றும் கைக்கு எட்டும் தூரத்தில், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குழந்தைக்கும் தெரியும்படி இருக்கும். அந்த வண்டிக்கு எங்கள் பக்கத்தில் ஒரே எதிரி உப்பு. மெட்ராஸிலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றிவரும் லாரிகள் வழியெல்லாம் உப்புத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே வரும். எங்கள் வீட்டில் அவற்றுக்குச் "சொட்டு லாரி" என்று பெயர். அதன் பின்னால் போகிற வண்டியின் அடித்தகரம் நாலைந்து மழைக்காலத்தில் அப்பளமாகிவிடும். அதனால் அப்பா ஞாயிறுதோறும் வண்டியைச் சரிவில் ஏற்றி நிறுத்தி, அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவுவார். அந்த வண்டி இன்றும் ஓடுகிறதென்றால் கம்பெனிக்காரன் போட்ட தடித்த தகரம் பாதிக் காரணம். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் மீதிப் பாதி.

இவ்வளவு கவனமுள்ள மனிதர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். கதவுகளைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் வெடித்து உதிரத் தொடங்கியிருந்தது. வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வேலூருக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கியிருப்பார். அப்பா தோல்காரர், ரப்பர் என்பது தோல் கிடைக்காத ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த பொருள் என்பதுபோலத்தான் பேசுவார். செருப்பு அடிக்குப் போகிற கனத்த பட்டைத் தோலை வாராக அறுத்து, இரட்டையாக மடித்துத் தைத்து, நான்கு கதவுகளையும் சுற்றிப் பசையால் ஒட்டினார். வெயில் காலம் முழுக்க அது அற்புதமாக இருந்தது. கதவைச் சாத்தினால் "தொப்" என்று ஒரு சத்தம், அதோடு வெளியுலகம் நின்றுவிடும். தூசி வராது. டேனரிக் கால்வாயின் நாற்றம் வராது. "பேங்கு லாக்கர்ல உக்காந்த மாதிரி இருக்குது இல்ல?" என்று அப்பா பெருமையாகக் கேட்பார். அம்மாதான், "லாக்கருக்குள்ள நகைய வெப்பாங்க, ஆளையா வெப்பாங்க?" என்பாள். எனக்கும் தம்பிக்கும் பின் இருக்கையில் காது அடைத்துக்கொள்ளும்.

தீபாவளிக்கு முன்பு ஒரு நாள், வேலூர் லாங் பஜாரில் துணி எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளிகொண்டா தாண்டியதும் பிடித்த மழை விடவேயில்லை. ஊருக்குள் நுழைய ரயில் பாலத்துக்கு அடியில் இறங்கி ஏற வேண்டும். நடுப்பள்ளத்தில் வண்டி இருமி, குலுங்கி, நின்றுபோனது. "தண்ணி ஸ்பார்க்குல பூந்துட்டு இருக்கும். எறங்கித் தள்ளிடலாம்" என்று அப்பா கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். அம்மா தன் பக்கத்தை இடித்தாள். நானும் தம்பியும் பின்கதவுகளைக் காலால் உதைத்தோம். நான்கும் சுவர் மாதிரி நின்றன.

தோல் தண்ணீரைக் குடித்து ஊதும் என்பது அப்பா தினமும் தொட்டிகளில் பார்க்கிற விஷயம். ஊறிய பட்டைத் தோல், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்பு வைத்ததுபோல் இறுகியிருந்தது. அந்த வாடை வண்டிக்குள் நிறைந்தது. கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சால் வெளுத்தது. தரைவிரிப்பின் அடியிலிருந்து தண்ணீர் ஊறி என் ஷூவுக்குள் வந்தபோது, சிவப்பாக இருந்த அப்பாவின் பின்கழுத்து சாம்பல் நிறமானதைப் பார்த்தேன். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அவர் பயந்ததால்தான் நானும் பயந்தேன்.

"இன்னாங்க அப்பிடியே உக்காந்துகினு கீறீங்க? கண்ணாடிய எறக்குங்க!" என்று அம்மா கத்தினாள்; கத்திக்கொண்டே தன் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினாள். "கிர்ர் கிர்ர்" என்று கண்ணாடி இறங்க, மழையும் காற்றும் முகத்தில் அறைந்தன. புடவையை முழங்காலுக்குமேல் சுருட்டிச் செருகிக்கொண்டு, தலையை முதலில் நீட்டி, ஜன்னல் வழியாக வெளியே விழுந்து எழுந்தாள். முதலில் தம்பியை உருவி எடுத்தாள், பிறகு என்னை. அப்பாவும் அதே வழியாக இறங்கினார்.

பின்னால் நின்றிருந்த சொட்டு லாரியிலிருந்து லோடுமேன்கள் குதித்து வந்து வண்டியைத் தள்ளினார்கள். அவர்களில் அப்பாவைத் தெரிந்த ஒருவர், வீங்கிப்போன வாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, வண்டியவே ஊறப் போட்டுட்டீங்களா?" என்றார். இன்னொருவர், "பச்சைத் தோல போடுற மாதிரி நாளைக்குச் சுண்ணாம்புல போட்ருவாரு, முடி உதிர்ந்துரும்" என்றார். முழங்காலளவு தண்ணீரில் நின்று எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் இருவரின் மணிக்கட்டையும் வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாள் பிளக்குகளைக் கழற்றி வெயிலில் காயவைத்து, ஈரத்தைத் துணியால் துடைத்து, சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. தோல் வார்கள் குப்பைக்குப் போயின, ரப்பர் வந்தது.

போன ஐப்பசியில் அதேபோல் ஒரு ரயில் பாலத்தின் அடியில், என் பையனுடன் நான் சிக்கினேன். புதுக் கார். மழை இரைச்சல்கூடக் கேட்காது. தண்ணீர் சக்கரத்துக்கு மேலே ஏறியதும் எல்லா விளக்குகளும் அணைந்தன. வெளித்தண்ணீர் அழுத்தியதில் கதவைத் தள்ள முடியவில்லை. கண்ணாடிப் பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். அதற்கு உயிரில்லை. அந்தக் கதவில் சுற்றுவதற்கோ திருகுவதற்கோ இழுப்பதற்கோ ஒன்றுமே இல்லை, வழவழப்பான பிளாஸ்டிக்கில் என் விரல்கள் சும்மா வழுக்கிக்கொண்டிருந்தன. "மா, தொற மா" என்று பையன் சொல்லிக்கொண்டே இருந்தான். மேலே சாலையில் நின்ற யாரோ ஒருவர் நீந்தாத குறையாக வந்து பின்கண்ணாடியைக் கல்லால் உடைத்தார். பையனின் முழங்கையில் தையல் போட வேண்டியிருந்தது. காரைப் பார்த்த சர்வீஸ்காரர்கள், உள்ளே எல்லாவற்றையும் இயக்குகிற எலக்ட்ரானிக் பெட்டி போய்விட்டது, அதைத் திறக்க முடியாது, மாற்றத்தான் முடியும், அதற்குப் புதுக் காரே வாங்கிவிடலாம் என்றார்கள்.

விஷயத்தைக் கேட்ட அப்பா, படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "கரண்டு போச்சின்னா கையால எறக்க முடியாதா? அப்புறம் அது இன்னா ஜன்னலு?" என்றார். தம்பிக்கு வேறு கருத்து. "அந்தப் பழசை இன்னும் இன்னாத்துக்குக்கா வெச்சிகினு கீற? பிரேக்கு கம்மி, பெல்ட்டு இல்ல, பேஜாரு. எடைக்குப் போட்டுரலாம்." அவன் சொல்வதில் தவறில்லை. இடித்தால் காப்பாற்றும் பலூன் அதில் இல்லை; அவசரத்துக்கு நிற்காது. பழையது பத்திரமானது என்று நானும் நம்பவில்லை, அதற்குள் அடைபட்டுக் கிடந்தவள்தானே நான். ஆனால் அது கெட்டுப்போகும்போது எங்கே கெட்டது என்று காட்டும். மனிதன் தன் கையால் செய்வதற்கு ஏதாவது ஒன்றை மிச்சம் வைத்திருக்கும். தகரமும் உப்பைத் தாண்டி நிற்கிறது. எஃப்.சி. காட்டி, பதிவைப் புதுப்பித்து, இப்போது நான்தான் அதை ஓட்டுகிறேன்.

வாரம் ஒருமுறை வேலூரிலிருந்து அப்பாவைப் பார்க்க அதில்தான் போகிறோம். பையன் வேறு எந்தக் காரிலும் ஏறுவதில்லை. முன்பெல்லாம் வண்டி நகர எல்லையைத் தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போவான். ஆம்பூரில் எழுப்பினால் எரிந்து விழுவான். அந்தத் தூக்கம் போய்விட்டது. அனல் காற்றும் லாரிப் புகையும் உள்ளே வீச, நான்கு கண்ணாடிகளையும் அடிவரை இறக்கிவிட்டு, சாலையைப் பார்த்தபடி விழித்துக்கொண்டே வருகிறான். கண்ணாடியை ஏற்று என்று நானும் சொல்வதில்லை.