காதைத் தொட்ட ஆறு பேர்

குஞ்சம்மாளுக்குக் கோர்ட்டு என்றால் ஜாமீன், வாய்தா, அவ்வளவுதான். ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் காலனியில் இருந்துகொண்டு சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் பொறுக்குகிறவளுக்கு வேறென்ன தெரியும்? இரண்டாயிரத்து ஏழில்தான் டீக்கடைப் பழனிவேல் பேப்பரைப் பார்த்துச் சொன்னான்: "சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுக்கா. ஆறு வயசுக்குக் கீழ நாப்பது புள்ளைங்க இருந்து ஊரு கேட்டா, மூணு மாசத்துல பால்வாடி குடுத்தாவணும்."

அவள் மகன் ராஜாவுக்கு ரெண்டு வயசு. குவாரி மேட்டுக் கருவ மரத்தில் அவனை இடுப்பில் சேலைத்துணியால் கட்டிப் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவாள். பால்வாடி வந்தால் பயல் கூரைக்கடியில் சோறு தின்பான். வீடு வீடாய்ப் போய் எண்ணினாள். நாற்பத்தொன்று. பெரம்பலூருக்குப் பஸ் ஏறி மனுக் கொடுத்தாள்.

மூணு மாசம் என்றது கோர்ட்டு. ஆபீசர் எட்டிப் பார்க்கவே அஞ்சு மாசம் ஆயிற்று. வந்த மகராசன் காலனிக்குள் காலே வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளைச் சேர்த்த ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"உன் லிஸ்ட்ல ஆறு பேருக்கு ஆறு வயசு முடிஞ்சிருக்கேம்மா. முப்பத்தஞ்சுதான் வருது."

அந்த ஆறில் ஒருத்தி குஞ்சம்மாளின் மூத்தவள் பூங்குழலி. பால்வாடி இல்லாத ஊரில் பிள்ளை பசியாற வேறு வழி ஏது? நாலு வயசை அஞ்சு என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் மத்தியானச் சோறு கிடைக்கும். போன வருசம் ஆறு வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள்.

"ஒரு வயசு கூட்டிச் சொல்லிட்டோங்க சார். சோத்துக்குத்தான்" என்றாள்.

"அப்படியா? பாத்துடுவோம்."

ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, கையைத் தலைக்கு மேலே போட்டு மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார். பள்ளியில் சேர்க்கும்போது, கை எட்டினால் அஞ்சு வயசு என்று வாத்தியார் பார்க்கிற அதே வித்தை. டிகிரி வாங்கிய மனுசனுக்கும் அதற்கு மேல் எட்டவில்லை. ஆறும் தொட்டன. தொடாமல் என்ன செய்யும்? சேர்ப்பதற்கு முன்னால் பத்து நாள் பழக்கிவிட்டவளே குஞ்சம்மாள்தானே.

"எனக்குத் தாலி ஏறி வர்ற ஆவணிக்குத்தான் ஆறு வருசம் ஆவுதுங்க. எம் பொண்ணுக்கு ஆறு முடிஞ்சிருச்சுன்னா கல்யாணத்துக்கு முந்தியே பெத்திருக்கேன். அதையும் சேத்துக் கோர்ட்டுக்கு எழுதிடுங்க" என்றாள்.

அவர் முப்பத்தைந்து என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உத்தரவுப்படி நடந்தாயிற்றாம்.

ஜீப் போனதும் பூங்குழலி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான் கழுத்தச் சாய்ச்சுத் தொட்டது அவருக்குத் தெரியவே இல்லம்மா."